குழிவாய்ப் பொங்கல்

போகியன்று மத்தியானம், புதுநெல் அரிசி மூட்டையோடு கோலார் தங்க வயலுக்கு வந்து இறங்கினாள் பார்வதம்மா. 1897ஆம் வருஷம் அது. கல்யாணமான கையோடு சுரங்க வேலைக்கு வந்துவிட்ட புருஷன் முனியப்பனோடு தலைப்பொங்கல் வைக்கக் குடியாத்தத்திலிருந்து வந்திருந்தாள்.

அடுத்த குடிசைக் கிருஷ்ணம்மாதான் அவளை உட்காரவைத்துச் சொன்னாள். போன வாரம் பாறை சரிந்ததாம். கீழே தனியாக நின்ற முனியப்பன் மேலே வரவில்லை. உடலை எடுக்க முடியாமல் குழிவாயைப் பலகையடித்து மூடிவிட்டார்கள்.

"பொணத்தக் காட்டுங்க. அப்பறம் தாலிய அறுக்கறேன்."

பார்வதம்மா அழவில்லை. பொங்கலன்று காலையில் குழிவாய் ஓரமாகவே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள்.

"சாவு வுழுந்த வூட்ல பொங்கல் வெக்கக் கூடாதும்மா" என்று கிருஷ்ணம்மா கெஞ்சினாள்.

"அவரு சாவல. பசியோட கீறாரு."

பனி விலகவில்லை. பானை பொங்கி நுரை வழிந்தது. கூடி நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் தொண்டை கிழியக் கத்தினாள்.

"பொங்கலோ பொங்கல்!"

பலகைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"பொங்கலோ... பொங்கல்..."

ஈரமண்ணும் வெடிமருந்தும் கலந்த வாடை மேலே எழுந்தது. பார்வதம்மா பலகைமேல் விழுந்து நகம் பெயரப் பிறாண்டினாள். "கூப்டறாரு! தொறங்க!"

கிருஷ்ணம்மா அவள் தோளைப் பற்றினாள். "கீழ போனது ஒம் புருஷன் ஒருத்தருதானே? இது எத்தினி பேரு கொரலு?"

பார்வதம்மா காதில் அது விழவில்லை. கொதிக்கும் பொங்கலை வெறுங்கையால் அள்ளி இடுக்கு வழியே போட்டாள். கீழே மெல்லும் சத்தம் கேட்டது.

"இன்னும்."

போட்டாள். மறுபடி போட்டாள். பானை காலியானது.

"தீந்துபோச்சு சாமி. வூட்டுக்கு வா, ஆக்கிப் போடறேன்."

ஆட்கள் பலகையைப் பெயர்த்து, கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். அடியில் பாறைதான் இருந்தது. ஒரு பருக்கைகூட இல்லை.

காணும் பொங்கல், உறவுகளைத் தேடிப் போய்ப் பார்க்கும் நாள். விடிந்ததும் வாசல் தெளிக்க வந்த கிருஷ்ணம்மா வாளியைக் கீழே போட்டாள். குழிப் பக்கமிருந்து சேற்றுக் கால்தடங்கள் வந்திருந்தன. ஏகப்பட்ட கால்கள். எல்லாம் பார்வதம்மாவின் வாசலுக்குள் போயிருந்தன.

ஒன்றுகூடத் திரும்பவில்லை.

உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினாள்.

"சத்தம் போடாதீங்கக்கா" என்று கிசுகிசுத்தாள் பார்வதம்மா. "சாப்புடறாங்க."

ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். உள்ளே யாருமில்லை. பார்வதம்மாவும் இல்லை. தரையில் வரிசையாகத் தையல் இலைகள் கிடந்தன. கடைசி இலையில் மட்டும் சோறு ஆவி பறந்தது.

கிருஷ்ணம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சோற்றில் ஐந்து விரல் பதிந்து குழி விழுந்தது.