ககானுக்குக் கட்டிய வீடு

அன்றைக்கு விடிந்தபோது ஆற்றின் சத்தம் இல்லை.

ககான் குத்லான் கண்ணைத் திறக்காமலே படுத்துக் கிடந்தான். தீவு அரண்மனைக்கு வந்த இந்த எட்டு வருஷமும், படுக்கையறைச் சுவருக்கு நேர் கீழே ஆற்றின் கிழக்குக் கிளை கரையை அறைந்து அறைந்து ஓடும் இரைச்சல்தான் அவனைத் தினமும் எழுப்பியது. இன்று ஈக்கள் மட்டும் இரைந்தன. அணைந்துபோன ஆட்டுக்கொழுப்பு விளக்கின் நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாடை, சேறும் செத்த மீனும் கலந்தது, ஜன்னல் வழியாக மெல்ல மெல்ல ஏறி வந்து கம்பளியில் ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்ப் பார்த்தான். ஆறு ஓடிய இடத்தில் பழுப்புச் சேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது. மேலே தூரத்தில் புதிதாக ஒரு மண்ணணை. நடுப்படுகையில் இருபது முப்பது ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கியிருந்தார்கள்.

அது எதற்கு என்று அவனுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? கசர் நாட்டுப் பேரரசனான ககானுக்குக் கல்லறை ஆற்றுக்கு அடியில்தான். ஆற்றைத் திருப்பிவிட்டுப் படுகையைத் தோண்டி, சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்து இருபது அறையில் ஒரு வீடு கட்டுவார்கள். அதில் ஏதோ ஓர் அறையில் அவரைக் கிடத்திவிட்டு மறுபடி ஆற்றை மேலே ஓடவிடுவார்கள். எந்த அறை என்று தெரிந்தவன் உயிரோடு திரியக் கூடாது என்பதால், கிடத்தியவர்களின் தலையை அங்கேயே வெட்டிவிடுவார்கள். பிள்ளைகள்கூட இதை விளையாட்டாக ஆடிக் காட்டும்.

அந்த வீடு எழும்புகிறது என்றால் தன் கெடு வந்துவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். அவன் கெடு என்னவென்று அவனுக்கே தெரியாது. அதுதான் இதில் இருக்கும் கொடுமை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சந்தையில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தான். ககான் பரம்பரைதான், ஆனால் அந்தப் பரம்பரையில் பாதிப்பேர் கூடை சுமக்கிறவர்கள். ஒருநாள் நான்கு பேர் வந்து கூட்டிப்போனார்கள். கழுத்தில் பட்டுக் கயிற்றைச் சுற்றி முறுக்கினார்கள். கண் பிதுங்கி, மூச்சு அறுந்துபோகும் அந்த நிமிஷத்தில் காதருகே கேட்டார்கள், எத்தனை வருஷம் ஆள்வாய் என்று. அப்போது வாயில் வருகிற எண்தான் கெடு. அது முடிந்த அன்று அதே கயிறு திரும்பி வரும். அவன் ஏதோ சொன்னான். நாக்கு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னான் என்பது மட்டும் இல்லை.

ஒரே ஒருமுறை மானத்தை விட்டுக் கேட்டும் பார்த்தான். உண்மையில் நாட்டை ஆள்கிற பேக், வழக்கம்போல வெறுங்காலோடு, கையில் புகையும் கட்டையோடு வந்து, தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“ககானுக்குத் தெரியாததா?”

அவ்வளவுதான். ஐந்து போனதும் அப்பாடா என்றான், ஆறு போனதும் அப்பாடா என்றான். இப்போது எட்டு.

இருபத்தாறு நாள் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. இருபத்தைந்து மனைவிகள் இருந்தும் ஒருத்தியைக் கூப்பிடவில்லை. குதிரைப்பால் புளித்துப் போய்க் கிடந்தது. படுகையில் செங்கல் வரிசை வரிசையாக ஏறியது, சுண்ணாம்புப் பொடி காற்றில் பறந்து வந்து அவன் உதட்டில் கரித்தது. ஒரே ஓர் அறைக்குக் கூரையும் போட்டுவிட்டார்கள். ஒரு ஆள் படுக்க ஓர் அறை போதாதா என்று அவனுக்குத் தோன்றியது, தோன்றியதும் கழுத்தில் அந்தப் பழைய தழும்பு அரிக்கத் தொடங்கியது. சொறிந்தான். நகத்தில் ரத்தம் வந்தது. “நாப்பதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா, பாவி” என்று தன்னையே திட்டினான்.

இருபத்தேழாம் நாள் காலையில் தோகான் வந்தான். சித்தப்பா மகன், முப்பது வயசு. இப்போது சந்தையில் ரொட்டி விற்பவன் அவன்தான், ககானுக்கு அடுத்த வாரிசும் அவன்தான். வாரம் ஒருமுறை சமையல்கட்டு வழியாக ஒரு கூடை ரொட்டி கொண்டுவருவது சொந்தக்காரன் என்ற முறையில் அவனுக்கு உள்ள உரிமை. நல்லவன். பெரிய ஆள் எதிரே வந்தால் கூடையை இறக்கிவிட்டு எழுந்து நின்று கும்பிடுகிற சாதி.

குத்லானுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததில் அவன் வெட்கப்படவில்லை. அவசரப்பட்டான், அவ்வளவுதான்.

“ஒரு தடவ என் சிம்மாசனத்துல உக்காந்துதான் பாரேன்டா. நாளைக்கு உன்னோட இடம்தானே.”

“அண்ணே, விளையாடாதே. தலை போயிரும்.”

“யாருடா பாக்கப் போறா? எட்டு வருஷமா என் மூஞ்சிய ஒருத்தனும் நிமிந்து பாத்ததில்ல. எல்லாப் பயலும் தரையத்தான் பாக்குறான். சிம்மாசனத் திரைக்குப் பின்னால சும்மா இரு, நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துர்றேன். பேக் நேத்துதான் வந்துட்டுப் போனாரு, இன்னிக்கு வரமாட்டாரு.”

தோகானின் கண் தங்கச்சரிகை அங்கியை விட்டு நகரவில்லை. போட்டுவிட்டபோது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான். மாவு படிந்த அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, காலிக் கூடையோடு குத்லான் வெளியே வந்தான். சமையல்கட்டில் யாரும் ரொட்டிக்காரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு எப்போது வந்தாலும் இனி அது அங்கியைத்தான் தேடும், அங்கிக்குள் இருக்கிற கழுத்தை அல்ல.

பாலத்துக் காவலர்களுக்குத் தோகானின் முகம் அத்துப்படி. அதனால் அவன் வற்றிய படுகையில் இறங்கினான். அந்தக் கரைக்கு ஏறிவிட்டால் புல்வெளி, அதற்கப்புறம் யார் பிடிப்பார்கள்?

வெயில் ஏறியிருந்தது. கரையில் ஒரு ஜனம் இல்லை, ககானின் வீடு எழும்பும் திசையைப் பார்ப்பதே ஆகாது என்று தோல் விற்பவனும் மீன் விற்பவனும் கடையை அந்தப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். சேறு முழங்கால்வரை விழுங்கி, சளக்கென்று விட்டது. குட்டைகளில் மாட்டிக்கொண்ட ஆளுயர மீன்கள் பாதி உடம்பு காய்ந்தும் சாகாமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவன் போவதைப் பார்த்தன. சளக். சளக். அவன் நின்றான். அவன் நின்ற பிறகும் பின்னால் ஒரு சளக் கேட்டது.

திரும்பினான். யாரும் இல்லை. அவன் காலடிக் குழிகளில் மட்டும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

எதிர்க்கரையில் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மடிப்பில், வரிசையாக. ஏறப் போனவனை ஒருவன் ஈட்டிக் கம்பால் மார்பில் குத்திக் கீழே தள்ளினான். இறங்கினவன் ஏறக் கூடாது, வேலைக்குப் போ என்றான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான், பார்த்துவிட்டுக் காறித் துப்பினான்.

வேறு வழியில்லாமல் கட்டடத்துப் பக்கம் போனான். கிலார் என்ற வயசான கொத்தனார் நிழலில் உட்கார்ந்து உலர்ந்த மீனைக் கடித்துக்கொண்டிருந்தான். புது ஆளா, உட்கார் என்று பாதி மீனை நீட்டினான். குத்லான் வாங்கவில்லை. செங்கல் அடுக்கைப் பார்த்தபடியே கேட்டான்.

“வேலை சீக்கிரம் முடிஞ்சிருமோ?”

“சீக்கிரமா? நல்லாச் சொன்னே போ. இருபது அறை. தண்ணி குறையுற ரெண்டு மாசத்துலதான் கட்ட முடியும், வருஷத்துக்கு ரெண்டு அறை எழும்புனாலே பெரிசு. அதான் இப்பவே தொடங்கியாச்சு.”

“ககானோட கெடு...”

“இருபது சொன்னாராம் மகராசன். இன்னும் பன்னெண்டு கிடக்கு. அன்னிக்குக் கயித்தப் பிடிச்சவரே எங்க மேஸ்திரி, அவருக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷத்துல நான் எப்படியும் செத்துப்போயிருவேன். கழுத்து தப்பிச்சுது.” கிலார் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

பன்னிரண்டு. குத்லானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து நின்றுவிட்டான். திரும்பிப் போய்விடலாம், வந்த வழியே, தோகான் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பான், ரெண்டு பேரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்னலாம். அவன் தீவுப்பக்கம் பத்தடிதான் எடுத்து வைத்தான்.

அரண்மனையில் கொம்பு ஊதினார்கள்.

ஒன்று. இரண்டு. நீளமாக. கிலாரின் கையிலிருந்து மீன் விழுந்தது. அது ககான் செத்ததற்கு ஊதும் ஊதல்.

தீவுப்பக்கத்துச் சரிவிலும் ஈட்டிகள் முளைத்தன. சூரியன் சாய்வதற்குள் பாடை வந்துவிட்டது, கூடவே செய்தியும். மேலணையில் மழை வெள்ளம் வருகிறது என்று சொல்ல பேக் திடீரென்று வந்தாராம். தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். திரைக்குப் பின்னாலிருந்த பாதங்கள் எழுந்து நின்றனவாம். ககான் எழுந்து நின்று பேக்கைக் கும்பிட்டாராம். கும்பிட்ட ககானிடம் தெய்வம் தங்காது. முகத்தை யாரும் பார்க்கவில்லை. திரைக்குப் பின்பக்கமிருந்தே கயிற்றைப் போட்டுவிட்டார்கள்.

“நான்தான் ககான்” என்றான் குத்லான், பக்கத்து ஈட்டிக்காரனிடம்.

ஈட்டிக்காரன் அவன் மாவுச் சட்டையைப் பார்த்தான். “அப்ப நான் பேக்கு. தூக்குடா.”

தூக்கினான். கால்பக்கம் அவன், தலைப்பக்கம் கிலார். சரிகைப் போர்வைக்கு வெளியே தெரிந்த குதிகாலில் மாவு இருந்தது. கனமாக இருந்தது. முடிந்திருந்த அந்த ஒரே அறைக்குள் வைத்தார்கள். சுண்ணாம்பு கண்ணை எரித்தது. கிலார் முதலில் வெளியே போனான். வாள் இறங்கிய சத்தம். இறைச்சிக் கடைச் சத்தம்தான், வேறொன்றுமில்லை. அடுத்தவன். அடுத்தவன். சிலர் ஓடினார்கள். ஓடியதும் கேட்டது, நின்றதும் கேட்டது.

குத்லான் வெளியே போகவில்லை. பாடைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஆட்கள் போனதும் வாசலை அடைக்கும் கல்லைத் தள்ளிவிட்டு வந்துவிடலாம். அப்படித்தான் நினைத்தான். நிழல் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. போய்விட்டது.

கல்லை உருட்டினார்கள்.

வெளிச்சம் ஒரு கீற்றாக மெலிந்து, அற்றுப்போயிற்று. காத்திருந்தான். நூறுவரை எண்ணினான். எழுந்து கல்லில் தோளைக் கொடுத்தான். அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. நகம் பெயர்ந்தது. கத்தினான். சத்தம் சுவரை முட்டி அவன் வாய்க்கே திரும்பி வந்தது. வாயை மூடினான்.

மூடிய பிறகும் மூச்சுச் சத்தம் கேட்டது.

அவனுடையது அல்ல. கீழேயிருந்து. கரகரவென்று, நசுங்கிய குழல் வழியாக இழுப்பது போல. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

சரிகை உரசியது.

“தோகான்?”

பேச அங்கே தொண்டை இல்லை.

அவன் கணுக்காலை ஒரு கை தொட்டது. சூடாக இருந்தது. தடவிப் பார்த்தது, யார் என்று தெரிந்துகொள்வது போல. தெரிந்துகொண்டது. முழங்காலுக்கு ஏறியது. மாவுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிடி, அடுத்த பிடி, முழு உடம்பின் கனமும் அவன்மேல் தொங்க, மெல்ல எழுந்தது. வயிறு. மார்பு. முகத்துக்கு நேரே அந்த இழுப்பு. கல்லில் முதுகு இடித்தது, பின்னால் போக இடமில்லை.

இன்னொரு கை பட்டுக் கயிற்றைத் தன் கழுத்திலிருந்து அவிழ்த்தது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.