சலவைக்கல்லில் இறங்கிய கறை

காலையில் துடைத்துக் காய்ந்த தரையில் அந்த ஒரு கல் மட்டும் ஈரமாக இருந்தது. கூடத்தின் நடுவே, ஊஞ்சலுக்குக் கீழே, வெள்ளைச் சலவைக்கல்லில் தாம்பாள அகலத்துக்குப் பழுப்புக் கறை. பொன்னழகு கால்விரலால் தொட்டுப் பார்த்தாள். வெளியே திண்டுக்கல் மலைப்பாறையைத் தடவிக்கொண்டு அனல்காற்று வீசியது. அந்தக் கல்லோ கிணற்றின் உள்சுவர் போலச் சில்லிட்டிருந்தது.

அவள் சடையாண்டிக்கு இரண்டாம் தாரமாக வாக்கப்பட்டு அதிக நாளாகவில்லை. பின்கட்டில் அவனுடைய புகையிலைக் கிடங்கு. அதன் காரநெடி சோற்றில்கூட ஏறியிருந்தது. மூத்தவள் முத்துப்பேச்சி காய்ச்சலில் போய்விட்டாள் என்று, பெண் கேட்டு வந்தபோது சொன்னார்கள்.

“அவ வெத்தில எச்சியத் துப்பித் துப்பி வந்த கறை. திருவிழாவுக்கு ஒறமொறை வாரதுக்குள்ள போயிரணும்” என்றான் சடையாண்டி.

முதலில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள். கறை அசையவில்லை. புளிப்புப் பட்ட இடத்தில் கல்லின் மினுமினுப்புப் போய்ச் சொரசொரத்ததுதான் மிச்சம். அதற்கு அவன் விட்ட அறையில் காது வெகுநேரம் இரைந்தது. பிறகு அவனே சாக்கட்டிப் பொடியும் சலவைச் சோடாவும் வாங்கிவந்தான். இரண்டையும் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, கறைமேல் கனமாகப் பற்றுப்போட்டு, ஈரச்சாக்கால் மூடிவைக்க வேண்டும். காயக் காய, கல்லுக்குள் இறங்கியதைப் பற்று மேலே உறிஞ்சிவிடுமாம்.

உறிஞ்சத்தான் செய்தது. மறுநாள் பெயர்த்த பற்றின் அடிப்புறம் செங்காவியாக இருந்தது. வெற்றிலை வாசமில்லை. ஆட்டை உரித்த இடத்து வாடை. பற்றோடு ஒரு முடியும் ஒட்டிக்கொண்டு வந்தது. டைபாய்டில் கொட்டியபின் பொன்னழகின் முடி கழுத்தைத் தாண்டவில்லை. இது நீள முடி. அதன் மறுமுனை கல்லுக்குள் இருந்தது. விரிசலே இல்லாத கல்லுக்குள். இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஏதோ ஒரு கனம் அசைந்ததும் கையை விட்டுவிட்டாள். முடி மெல்ல உள்ளே போய் மறைந்தது.

அன்றைக்கு அவள் அண்ணன் ராமர் கன்னிவாடியிலிருந்து கத்திரிக்காய் மூட்டையோடு வந்தான். அவன் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்தாள்.

“அண்ணே, இது எச்சிக் கறையில்ல. எனக்குப் பயமா இருக்கு. என்னையக் கூட்டிட்டுப் போயிரு.”

ராமர் கல்லைப் பார்த்தான். ஊஞ்சல் சங்கிலியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

“கோவத்துல கை நீண்டுருச்சு, தலை கல்லுல பட்டுருச்சு, அம்புட்டுத்தான்னு அவரே நம்ம அய்யாகிட்டச் சொன்னாரு ஆத்தா. ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு.”

“அய்யாவுக்குத் தெரியுமா?”

“நம்ம வயலுக்குக் கெணறு வெட்டிக் குடுத்தவரு. நாங்க என்ன செய்ய? நல்லா சோடாவப் போட்டு எடுத்துரு.”

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பொன்னழகு அழவில்லை. அப்பினாள். பெயர்த்தாள். மறுபடி அப்பினாள். மூடிய சாக்கு, தூங்குகிறவர் வயிறு போல ஏறி இறங்குவதை அடுப்படியிலிருந்து பார்த்தாள். கல்லுக்கு அடியில் நகம் பிறாண்டும் ஓசை. முதலில் ஆழத்தில். பிறகு பக்கத்தில்.

ஒரு சாயங்காலம் சடையாண்டி வந்து நின்றான். “எடு, பாப்போம்.”

பெயர்த்தாள். கல் பாலாக வெளுத்திருந்தது.

“கெட்டிக்காரிதாண்டி” என்று குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் கல்லை வழித்தான். கை நடுவில் நின்றது.

பொன்னழகுக்குத் தெரிந்தது. தெளிந்த தண்ணீருக்குள் தெரிவதுபோல, அவன் கைக்கு நேர்கீழே இன்னொரு உள்ளங்கை. கண்ணாடி வளையல் போட்ட கை. விரலோடு விரல் பொருந்தி.

“என்னடி, பசையா ஒட்டுது?”

சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை.

இழுத்தான். வரவில்லை. மறு கையை ஊன்றினான். அதுவும் ஒட்டியது.

“ஏ புள்ள! பிடிச்சு இழுடி!”

அவள் சுவரோடு நின்றாள்.

மணிக்கட்டு உள்ளே போனது. பிறகு முழங்கை. கீழே, வெண்மைக்குள், வளையல் விரல்கள் அவன் விரல்களைக் கோத்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொன்றாக மடங்கின.