கசக்காத கஸ்டர்ட்

“ஐயோ...! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்களேன்...!”

அந்த அலறல் கிரீன்ஃபீல்டு அவென்யூவின் அடுத்த சிக்னல் வரைக்கும் கேட்டது.

மதியம் ஒன்று பத்து. ஜூலை வெயில். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து மேற்கு ஓரத்தில், வெஸ்ட் ஆலிஸில், ‘கலிட்சிஸ் கஸ்டர்ட்’ கடை வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முட்டை மஞ்சள் சேர்த்துக் கெட்டியாக உறையவைத்த கஸ்டர்டுக்கு அந்தக் கடையில் எப்போதும் கூட்டம்தான்.

வெளியே போட்டிருந்த மேஜைகளில் மூன்றாவது மேஜைக்குப் பக்கத்தில் ஒருவன் வில்லாக வளைந்து துடித்துக்கொண்டிருந்தான்.

குதிகாலும் பின்மண்டையும் மட்டும்தான் தரையில்!

பிரென்ட் ஹோல்கம். வயது முப்பத்தாறு. ‘நாலு ஸ்பூன்’ சேனலின் ஏகபோக ராஜா. மில்வாக்கியைச் சுற்றி நாற்பது மைலில் எந்தக் கடையில் பர்கர் போட்டாலும், மீன் வறுத்தாலும், பழம் வைத்த ‘பை’ பலகாரம் சுட்டாலும் கேமராவோடு போய் உட்கார்ந்துவிடுவான். பிடித்தால் நாலு ஸ்பூன். பிடிக்காவிட்டால் அரை ஸ்பூன்.

அரை ஸ்பூன் வாங்கிய கடை ஆறு மாதம் தாங்காது.

கூட்டம் ஓடி வந்தது. உதவி செய்யவா? சேச்சே...! வீடியோ எடுக்க! முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு வந்த ஒருத்தி ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறுகையிலிருந்த கோனை நக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது பிரென்ட் ஹோல்கம் அசைவதை விட்டிருந்தான்.

* * *

கொலைப் பிரிவு டிடெக்டிவ் ஒடெஸ்ஸா புரூயிட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வகை ஆட்களை அவளுக்குப் பிடிக்காது. கொலை செய்கிறவர்கள். சாப்பாட்டை ஆறவிட்டுப் படம் எடுக்கிறவர்கள்.

முதல் வகையிடமாவது ஒரு காரணம் இருக்கும் என்பாள்.

“செத்தது யாருன்னு தெரியுமா, பாஸ்?” அவளுடைய உதவி டிடெக்டிவ் கெல்வின் ராஷ் பரபரத்தான். “நாலு ஸ்பூன் பிரென்ட்! ஆறு லட்சம் பேர் பார்க்கற சேனல்!”

“ஆறு லட்சம் பேருக்கு வேலைவெட்டி இல்லன்னு சொல்லு.”

“நானும் பார்ப்பேன் பாஸ்...”

“அதான் சொன்னேன்.”

கடையின் விற்பனை ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளை ஏப்ரனோடு கைகட்டி நின்றவரிடம் போனாள். அறுபதைத் தாண்டிய முரட்டு உருவம்.

“நீங்கதான் ஓனரா?”

“ஸ்டாவ்ரோஸ் கலிட்சிஸ். முப்பத்திரெண்டு வருஷமா இதே ஜன்னல்.”

“செத்தவரைத் தெரியுமா?”

“எனக்கு மனுஷங்களை மட்டும்தான் தெரியும், மேடம்.”

ஒடெஸ்ஸா புருவத்தை உயர்த்தினாள்.

“செத்தவன் மேல இவ்வளவு மரியாதையா?”

“உயிரோட இருந்தப்ப இதைவிடக் கம்மி.” ஸ்டாவ்ரோஸ் ஏப்ரனில் கையைத் துடைத்தார். “பக்கத்து ஊர் கடஹில எனக்கு இன்னொரு கடை இருந்துச்சு. என் தம்பி பார்த்துக்கிட்டான். ரெண்டு வருஷம் முன்னாடி இவன் வந்தான். ஒரு கப் வெனிலா. ‘ஈரச் சுண்ணாம்பு’ன்னு சொல்லிட்டுக் குப்பைத் தொட்டில போட்டான். அரை ஸ்பூன்! நவம்பர்ல கடையை மூடிட்டோம். தம்பி அரிசோனாவுக்குப் போய் லாரி ஓட்டறான். நான் போன் பண்ணினா எடுக்கறதில்ல.”

“இன்னிக்கு ஏன் பரிமாறினீங்க?”

“பரிமாறலேன்னா அதையும் வீடியோ போடுவானே! ஓனரே கொண்டு வந்து வைக்கணும்னான், ராஜா மாதிரி. வெச்சேன்.”

“வெச்சுட்டு ஏதாவது சொன்னீங்களா?”

ஸ்டாவ்ரோஸ் ஜன்னல் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

கெல்வின் இறந்தவனின் கேமராவை நீட்டினான். சின்னத் திரையில் ஸ்டாவ்ரோஸ் கப்பை மேஜையில் டொக்கென்று வைக்கிறார். குனிந்து பிரென்ட்டின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

“தின்னு ஒழி...!”

“நான் சொன்னது நிஜம்.” ஸ்டாவ்ரோஸ் நிமிர்ந்தார். “ஆனா விஷம் வைக்கல. என் கஸ்டர்டை நான் கெடுப்பேனா? அதுவும் இந்த ஜந்துவுக்காக!”

* * *

கேமரா பிடித்தவள் ஜோலின் டீட்ஸ். முப்பது வயது. நாலு வருடமாக பிரென்ட்டோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவள். கடைசி மேஜையில் குறுகி உட்கார்ந்து டிஷ்யூவைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“ஓனர் கப்பை வெச்சதுக்கப்புறம் வீடியோ கட் ஆகுதே... ஏன்?”

“வெயில் மாறிச்சு மேடம். கேமராவை இடம் மாத்தினேன். ரெண்டு நிமிஷம்.”

“அப்புறம்?”

“அப்புறம் சாப்பிட ஆரம்பிச்சார்.” மூக்கை உறிஞ்சினாள். “முதல் ஸ்பூன்லயே ‘என்ன இது, இப்படிக் கசக்குது’ன்னு என்கிட்ட மெதுவாச் சொன்னார். நான்தான்... பாவி... ‘ஷாட்டை முடிச்சுடலாம், சாப்பிடுங்க’ன்னேன்...”

உடைந்து அழுதாள்.

வீடியோவில் பிரென்ட் பதினோரு ஸ்பூன் சாப்பிட்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, “தேன்... தேன்...” என்றான்.

கப்பில் மிச்சமிருந்த கஸ்டர்ட் சோதனைக்குப் போனது. மிஷினில் இருந்ததும் போனது. சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. மிஷினில் சுத்தம். கப்பில் விஷம்!

ஸ்டாவ்ரோஸ் கலிட்சிஸின் கையில் விலங்கு ஏறியது.

வாசலில் மறுபடியும் கூட்டம். மறுபடியும் போன்கள். முப்பத்திரெண்டு வருடமாக அவர் கையால் வாங்கித் தின்றவர்கள் ஒருத்தர் விடாமல் படம் எடுத்தார்கள்.

“கொலைகாரக் கிழவா...!” என்று யாரோ கத்தினார்கள்.

கத்தியவனின் வாயோரத்தில் கேரமல் ஒட்டியிருந்தது!

* * *

“கேஸ் முடிஞ்சுது பாஸ்! காரணம் இருக்கு. வாய்ப்பு இருக்கு. கொலை மிரட்டல் வீடியோவுல இருக்கு.” கெல்வின் ஆபீசில் வறுத்த சீஸ் கட்டிகளின் பொட்டலத்தைப் பிரித்தான்.

“அதான் இடிக்குது. ஆறு லட்சம் பேர் பார்க்கப்போற வீடியோவுல ‘தின்னு ஒழி’ன்னு சொல்லிட்டு, அதே கப்புல எவனாவது விஷம் வைப்பானா?”

“முட்டாள் வைப்பான்.”

“அந்த ஆள் முட்டாளாத் தெரியல. செத்தவன்தான் அப்படித் தெரியறான். அவனோட பழைய வீடியோவை எல்லாம் போடு.”

போட்டான்.

ஒடெஸ்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வாக்கிஷாவில் ஒரு விதவை நடத்தும் பர்கர் கடையில், “பசு செத்தது வீண்!” என்றான் பிரென்ட். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் பேர்போன ஒரு கடையில் மீனைத் தூக்கி, கடைக்காரியின் எதிரிலேயே அதால் காலணியைத் துடைத்தான். ஒரு பை கடையில் பரிமாறிய பெண் அழுதாள். அழுகையை நெருக்கத்தில் எடுத்து, கூடவே இசை வேறு சேர்த்திருந்தான்.

“இவனை இவ்வளவு நாள் விட்டு வெச்சதே இந்த ஊரோட பொறுமை.” ஒடெஸ்ஸா முணுமுணுத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். “நிறுத்து...! கப்பைப் பெருசாக்கு.”

அது வேறொரு கஸ்டர்ட் கடை. பிரென்ட் இன்னும் ஸ்பூனையே தொடவில்லை. ஆனால் கப்பின் இடது ஓரத்தில் ஒரு ஸ்பூன் அளவுக்குக் குழி!

“அடுத்தது.”

பை. ஓரத்தில் ஒரு துண்டு இல்லை.

“அடுத்தது.”

மீன். நுனி கிள்ளியிருந்தது.

“எல்லாக் கடைலயும் குறைச்சே குடுக்கறாங்க போல.” கெல்வின் சிரித்தான்.

ஒடெஸ்ஸா சிரிக்கவில்லை.

“இன்னிக்கு எடுத்ததைப் போடு.”

கேமரா இடம் மாறிய பிறகு, பிரென்ட் ஸ்பூனை எடுப்பதற்கு முன் இருந்த கப் திரையில் தெரிந்தது. கஸ்டர்ட் உருண்டையாக... முழுசாக... மேலே முந்திரித் தூளோடு இருந்தது.

ஓரத்தில் குழி இல்லை!

* * *

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பிணப் பரிசோதனை டாக்டர் அமுண்ட்சன் போன் செய்தாள்.

“ஸ்ட்ரிக்னைன், ஒடெஸ்ஸா. எட்டிக் கொட்டையிலேர்ந்து எடுக்கற விஷம். உடம்பு வில்லா வளைஞ்சப்பவே நினைச்சேன். ஆனா ஒண்ணு புரியல.”

“என்ன?”

“உலகத்துல இதைவிடக் கசப்பான சமாசாரம் தேடினாலும் கிடைக்காது. துளி பட்டாலே நாக்கு சுருண்டுடும். எத்தனை சர்க்கரை போட்டாலும் மறையாது. இந்த ஆள் பதினோரு ஸ்பூன் எப்படி முழுங்கினான்?”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன்.”

“பதிலும் நானே சொல்றேன். கழுத்துல ரெண்டு பக்கமும் பழைய கதிர்வீச்சுத் தழும்பு. அவனோட டாக்டரைப் பிடிச்சேன். நாலு வருஷம் முன்னாடி தொண்டைல கட்டி. சிகிச்சைல கட்டி போயிடுச்சு...” டாக்டர் நிறுத்தினாள். “கூடவே ருசியும்! இனிப்பு, கசப்பு, உப்பு, புளிப்பு எதுவும் தெரியாது. அவனுக்குக் கஸ்டர்டும் களிமண்ணும் ஒண்ணுதான்.”

ஒடெஸ்ஸா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். பத்தொன்பது வருட வேலையில் அப்படி ஒரு சிரிப்பு அவள் சிரித்ததில்லை.

“ருசியே தெரியாத பயலா ஊர்க் கடைகளுக்கெல்லாம் மார்க் போட்டான்...?”

கெல்வின் வாயைப் பிளந்தான். “ஆறு லட்சம் பேர், பாஸ்...”

“அந்த ஆறு லட்சத்துல ஒருத்தன் வாயை மூடு. ஜோலினைக் கூட்டிட்டு வா. அவ கேமரா பையும் வேணும். வாரண்ட் வாங்கிக்கோ.”

* * *

விசாரணை அறை. பகல் பன்னிரண்டு. உரிமைகளைப் படித்துச் சொன்ன பிறகும் ஜோலின் வக்கீல் வேண்டாம் என்றாள். நேற்றுபோலவே குறுகி உட்கார்ந்து டிஷ்யூவைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து சொன்னதைத் திரும்பச் சொல்லு. முதல் ஸ்பூன்ல பிரென்ட் என்ன சொன்னான்?”

“கசக்குதுன்னு...”

“நிச்சயமா?”

“நிச்சயமா மேடம். என் காதால கேட்டேன்.”

“அவனுக்குக் கசப்பே தெரியாதேம்மா!”

ஜோலினின் விரல்கள் நின்றன.

“நாலு வருஷமா அவனுக்கு நாக்கு நீதான்.” ஒடெஸ்ஸா ஒரு போட்டோவை மேஜையில் தள்ளினாள். “வாவடோசா பை கடை. டேபிள் மேல பளபளன்னு நாப்கின் டப்பா. அதுல தெரியறது யாரோட கை? மூணு விரல் காட்டுது. அடுத்த நிமிஷம் அவன் ‘மூணு ஸ்பூன்’ங்கறான். கட் பண்ணுவே. ஒரு வாய் ருசி பார்ப்பே. விரலைக் காட்டுவே. எல்லா வீடியோவுலயும் ஒரு வாய் குறையுது. நேத்து மட்டும் குறையல. ஏன் ஜோலின்...? நேத்து பசிக்கலையா?”

ஜோலின் போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

“கசப்பை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் பிரென்ட். அது தெரிஞ்ச ஒரே ஆள் நீ. உன் பையில இருந்த லென்ஸ் துடைக்கற டப்பாவுல முந்திரித் தூள் கிடைச்சிருக்கு. அதோட ஸ்ட்ரிக்னைனும். கேமராவை இடம் மாத்தின அந்த ரெண்டு நிமிஷத்துல கப்புல தூவியிருக்கே. எங்கேர்ந்து எடுத்தே?”

ஜோலின் நிமிர்ந்தாள். குறுகல் காணாமல் போயிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை!

“அப்பாவோட பண்ணைல. வயல்ல வளை தோண்டற எலிக்கு வைக்கற பழைய டின்.” உதட்டைச் சுழித்தாள். “இதுவும் எலிதானே?”

“ஏன் பண்ணினே?”

“சிகாகோவுல டி.வி. ஷோ கிடைச்சுது அவருக்கு. நாலு வருஷம் நான் தின்னு தின்னு சொன்னதை ஒப்பிச்சுதான் கிடைச்சுது. ஷோவுல என் பேரையும் போடுங்கன்னேன். சிரிச்சார். ‘நாக்குக்கெல்லாம் எவனாவது பேர் போடுவானா? சிகாகோவுல வேற நாக்கு பார்த்தாச்சு, நீ கிளம்பு’ன்னார்.”

“அதுக்கு வெளியில வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே? ஒரே நாள்ல அவன் கதை முடிஞ்சிருக்கும்.”

“கேமரா பிடிக்கறவ சொன்னா யார் நம்புவாங்க?”

“சரி. கலிட்சிஸ் உனக்கு என்ன பண்ணினார்? அவரை ஏன் மாட்டிவிட்டே?”

ஜோலின் தோளைக் குலுக்கினாள். “அவருக்குத்தான் நல்ல காரணம் இருந்துச்சு. இத்தனைக்கும்...” முதல் முறையாகத் தடுமாறினாள். “கடஹி கடைல நான் நாலு விரல் காட்டினேன். அந்த வருஷம் முழுக்க நான் தின்னதுலேயே அந்த வெனிலாதான் ஒசத்தி. பிரென்ட் கேமராவைப் பார்த்து ஈரச் சுண்ணாம்புன்னுட்டார். ‘புகழ்ந்தா எவன் பார்க்கறான்? காறித் துப்பினாத்தான் கூட்டம் சேரும்’னார். கூட்டம் சேர்ந்துச்சு.”

“அது தெரிஞ்சும் அந்த மனுஷனுக்கே விலங்கு வாங்கிக் குடுத்திருக்கே.”

“கஸ்டர்ட் நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னேன். அவரைப் பத்தி எனக்கென்ன?”

ஒடெஸ்ஸா எழுந்தாள். செத்தவனுக்கும் எதிரே இருப்பவளுக்கும் வித்தியாசம் தேடிப் பார்த்தாள். நாக்கு ஒன்றைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

* * *

விலங்கு கழற்றிய மணிக்கட்டைத் தேய்த்தபடி ஸ்டாவ்ரோஸ் வராந்தாவில் நின்றிருந்தார். ஒடெஸ்ஸா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நாலு விரலையும் சொன்னாள்.

பெரியவர் தன் வலது கை விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

“நாலா...?”

“நாலு.”

“என் தம்பிகிட்ட இதைச் சொல்லணும்.” போனை எடுத்தார். அரிசோனா எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது மணியில் ஒரு கரகரத்த குரல் ‘ஹலோ’ என்றது.

ஸ்டாவ்ரோஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கிரேக்கத்தில் ஏதேதோ பேசினார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. வார்த்தைகள் மட்டும் பழைய முறுக்கோடு வந்தன.

“என்ன கொடுமை மேடம்! இந்தச் சுத்துவட்டாரத்துல ருசி தெரிஞ்ச ஒரே ஆள் அந்தப் பொண்ணுதான். அவளையும் பிடிச்சு ஆயுசுக்கும் உள்ள தள்ளப்போறீங்களே!”

ஒடெஸ்ஸா கார் சாவியை எடுத்தாள்.

“கவலைப்படாதீங்க, மிஸ்டர் கலிட்சிஸ். நம்ம ஜெயில் சாப்பாட்டுக்கு இனிமேலாவது நேர்மையா ஒருத்தர் மார்க் போடுவாங்க!”