கழுத்தை விடாத கை

காலையில் முழங்கால்மேல் இருந்த நிழலின் கை, சாப்பாட்டு நேரத்தில் கழுத்தில் இருந்தது.

கம்பி தளர்ந்திருக்கும் என்று ரோசரி தன்னையே தேற்றிக்கொண்டாள். துவாக்குடிப் பட்டறைகள் கழித்துப்போட்ட சைக்கிள் செயின், ஃபேன் இறக்கை, நசுங்கிய டின், அறுந்த செருப்பு எல்லாவற்றையும் ஓர் இரும்பு நாற்காலியில் கட்டுக்கம்பியால் இறுக்கி, விளக்குக்கு முன்னால் வைத்திருந்தாள். காயலான் கடைக்காரன்கூட மதிக்காத குப்பை. ஆனால் சுவரில் விழும் நிழல் அச்சு அசலாக அவள் கணவன் பிலோமின்ராஜ். அவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை. சுவரைப் பார்த்தபடியே வெளியே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்கென்ன? சோறு ஆறுது, வாம்மா," என்றான் வெளியிலிருந்து.

"ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்களேன்."

வெளிச்சம் வராமல் ஓட்டையெல்லாம் அடைத்த தகரக் கொட்டகை உச்சிவெயிலில் கொதித்தது. துருவும் பழைய கிரீஸும் மூக்கை அடைத்தன. கதவு திறந்து மூடியது. அவன் நிழல் சுவரில் குறுக்கிட்டு, உட்கார்ந்திருந்த உருவத்தோடு கலந்து மறைந்தது.

"லைட்டை மறைக்காதீங்க," என்றாள். திரும்பவில்லை. இந்த நிழற்சிற்ப வேலையில் கண் சுவரை விட்டு அகலக் கூடாது; கை மட்டும் பக்கத்தில் குப்பையைத் துழாவும்.

கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ தோன்றிவிட்டது. கைக்கென்று கட்டியிருந்த செயினைப் பிடித்து இழுத்தாள். சுட்டது. இந்த வெயிலில் எந்த இரும்புதான் சுடாது? நிழலின் இன்னொரு கையும் கழுத்துக்குப் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் இறுக்கினாள். நாற்காலி உதறியது.

"அடங்கித் தொலை!"

விரலெல்லாம் பிசுபிசுப்பு. கிரீஸ். ஏதோ முறிந்தது. தகரம். பிளேயரால் கம்பியை முறுக்கினாள். இன்னொரு சுற்று. ஒரு கை விழுந்தது. மறுகையும்.

நிழல் முழங்கால்மேல் கை வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தது. ரோசரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாருங்க, சரியாயிடுச்சு."

திரும்பினாள்.

நாற்காலியில் பிலோமின்ராஜ் உட்கார்ந்திருந்தான். செயின் கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. முறிந்த விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருக்க, மணிக்கட்டுகள் முழங்காலோடு கம்பியால் கட்டப்பட்டிருந்தன. சட்டையிலிருந்து ரத்தம் சொட்டியது.

அலறிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அங்கே நிழல் நாற்காலியை விட்டு எழுந்து, ஓரத்தில் விழுந்திருந்த அவளுடைய நிழலை நோக்கி நடந்துகொண்டிருந்தது.