விரல் அளவுக்கு ஒரு புஷ்

அலமாரியில் இருந்த அந்த புஷ், என்ஜினுக்குள் மாட்டும் அந்த இரும்பு வளையம், வெதுவெதுவென்று இருந்தது. கம்பெனிக்காரன் இந்த வேன் என்ஜினையே தலைமுழுகி எத்தனையோ வருஷமாயிற்று. கடைகடையாக ஏறி இறங்கியும் கிடைக்காத சாமான், தூசும் துருநாற்றமும் மண்டிய இந்தக் கிடங்கில், இப்போதுதான் ஓடி நின்றது போல எண்ணெய் மினுங்க இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வேன்காரருக்கும் வந்தது. ஆனால் வெளியே நடுரோட்டில் நின்றுபோன வேன்தான் அவர் வீட்டுச் சோறு. வேனுக்குள் அவர் மனைவி வெயிலில் வெந்துகொண்டிருந்தாள்.

பழைய புஷ் பொடிப்பொடியாகிவிட்டது, மாதிரிக்குக் காட்ட ஒன்றுமில்லை. "சாம்பிள் இல்லாம எப்படிங்க?" என்று சற்றுமுன் கல்லாவில் கடைக்காரர் கேட்டபோது, வேன்காரர் எந்தக் கடையிலும் செய்வது போல ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"இதுதாங்க சாம்பிள். என் வெரல் அளவு பிசகவே பிசகாது."

கடைக்காரர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள போய் போட்டுப் பாருங்க. பொருந்துனா உங்களுக்குத்தான்."

இப்போது விரலில் போட்டுப் பார்த்தார். அடடா, அச்சு அசலாகப் பொருந்தியது! இழுத்தார். வரவில்லை. எச்சில் தடவி முறுக்கினார். புஷ்ஷோடு ஒரு கம்பி நீண்டு வந்தது. கம்பியின் மறுமுனை, அலமாரிக்குப் பின்னால் இருட்டுக்குள் இருந்தது.

அங்கே ஏதோ செருமியது. இருமியது. பிடித்துக்கொண்டது. என்ஜின் ஓட்டம்.

கம்பி பின்னால் போனது. மணிக்கட்டுவரை அவரும் போனார். ஐயோ, என்ன பாவம் செய்தேன் என்று கத்தினார். அவர் வாய் திறந்தபோதெல்லாம் குரலுக்குப் பதில் என்ஜின்தான் உறுமியது. மூடினால் அடங்கியது. அலமாரியின் உள்பக்கம் கண்ணுக்குப் பழகியது. வரிசையாகக் கம்பிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு விரல். எண்ணெயில் மினுங்கின. சுற்றின. ஒன்றில் மோதிரம்கூட இருந்தது.

முழங்கைவரை.

அட்டைப்பெட்டி இடுக்கில் கல்லாப்பக்கம் தெரிந்தது. அவர் மனைவி.

"எங்க வீட்டுக்காரர் புஷ் வாங்க வந்தாரே?"

"உள்ள பொருத்திட்டு இருக்காரும்மா. இன்னொண்ணும் வேணும். சாம்பிள் ஏதாவது இருக்கா?"

போடி! ஓடிப்போடி! என்ஜின் உறுமியது.

"என்னா சத்தம் இது!" என்று காதைப் பொத்தியவள் சிரித்துவிட்டாள். "அவரோட குடித்தனம் பண்ணி எனக்கும் அவர் பழக்கமே தொத்திக்கிச்சு. இந்தாங்க."

விரலை நீட்டினாள்.