நான்காவது மறைப்பு

சனிக்கிழமை, மதியம் 1.10.

அலமாரி பூட்டியபடியே இருந்தது. அதற்குள் இருக்கவேண்டிய ஹார்ட் டிஸ்க்தான் இல்லை.

"இன்னொரு தடவ பாருங்க அண்ணே," என்றாள் அருந்ததி, வாசலிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. குயின் ஸ்திரீட்டில் துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முப்பத்தாறு படிகள். ஏறிவந்த முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தன.

"எத்தன தடவ பாக்கறது? மூணு தட்டு, மூணும் காலி. அலமாரிய நகத்தி பின்னாலயும் பாத்துட்டேன் லா," என்றார் தேனப்பன். திரைப்பட வட்டத்தின் செயலாளர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

காணாமல் போனது சாயந்திரம் ஆறு மணிக்கு உறுப்பினர்களுக்கு மட்டும் திரையிட இருந்த பிரெஞ்சுப் படம். துறைமுக ஊர் ஒன்றில் இருபத்திரண்டு வயது இளைஞன். தன் மனசும் உடம்பும் நாடுவது இன்னொரு ஆணை என்பது ஒரு கோடைக்காலத்தில் அவனுக்குப் புரிகிறது, புரிந்ததும் தன்னைக் கண்டு தானே நடுங்குகிறான். கோலாலம்பூர் விநியோகஸ்தர் அனுப்பிய ஒரே பிரதி. அதில் திரைக்கு அடியில் ஓடும் தமிழ் வசன எழுத்துகளைச் சேர்த்தது கிருஷாந்த். பிரெஞ்சு படித்தவன், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வயது இருபத்தைந்து.

"வியாழக்கிழம சாயந்திரம் அவன்தான் கொண்டாந்து வச்சேங்கறான்," என்றார் தேனப்பன். "வச்சத யாரு பாத்தா? தொலைஞ்சா அன்னிக்கே போலீஸ்ல சொல்லணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. அஞ்சு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன் போறேன்."

அருந்ததி பெருமூச்சு விட்டாள். காப்புறுதிக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம், எரிந்த கடைக்கும் திருடுபோன காருக்கும் மனிதர்கள் சொல்லும் காரணங்களைச் சலித்துப் பார்த்தே தேய்ந்துபோனவள். ஓய்வு பெற்றதே இனி யாருடைய பொய்யையும் கேட்கவேண்டாம் என்றுதான். ஆனால் இபோவிலிருந்து இன்று காலைதான் திரும்பியதால், நிர்வாகக் குழுவில் சந்தேகப்பட முடியாத ஒரே ஆள் அவள். வேலை அவள் தலையில் விழுந்தது.

அலமாரிச் சாவி சமையலறையில் பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். குழுவில் எல்லோருக்கும் தெரிந்த பரம ரகசியம் அது. பூட்டைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை என்று உடனே விட்டுவிட்டாள்.

1.30.

நிர்வாகக் குழுவில் படத்தை எதிர்த்தவள் மீனாள். எதிர்த்ததை மறைக்கவும் இல்லை.

"ஆமா அக்கா, வேணாம்னுதான் சொன்னேன். ஒரு பையன் ரெண்டு மணி நேரம் குமுறி அழறத வேலமெனக்கெட்டு உக்காந்து பாக்கணுமா?"

"நேத்து இங்க வந்தியா?"

"எங்க நேரம்? காலையிலேருந்து கறிபஃப்புக்கு உருளைக்கிழங்கு உரிச்சேன். இன்னிக்கு நாலு மணிக்கு எழுந்து அறுபது போட்டு எடுத்திருக்கேன். யாரு திங்கறதாம் இப்போ?"

படத்தை நிறுத்த நினைப்பவள் அதைப் பார்க்க வருகிறவர்களுக்காக அறுபது கறிபஃப் பொரிக்கமாட்டாள். அருந்ததி ஒன்றை எடுத்துக் கடித்தாள். காரம் சரியாக இருந்தது.

1.50.

விநாசித்தம்பி புரொஜெக்டர் அறையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கிருஷாந்தின் அப்பா. ஜெலுத்தோங்கில் அப்பாவும் மகனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். எட்டு மாதமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. வட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அவருக்கு வட்டத்தில் ஒரு வேலை உண்டு. படத்தில் கட்டில் காட்சி ஏதாவது வந்தால், கறுப்புத் துணி ஒட்டிய கோப்பு அட்டை ஒன்றை புரொஜெக்டரின் கண்ணுக்கு முன்னால் பிடிப்பார். சத்தம் மட்டும் வரும். சபை கூரையையும் மின்விசிறியையும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருக்கும். காட்சி முடிந்ததும் அட்டை இறங்கும். பதினொரு வருஷமாக இது நடக்கிறது. அதற்காகப் படத்தை முன்கூட்டியே போட்டுப் பார்த்து, மறைக்கவேண்டிய நேரங்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வார்.

"நேற்று இஞ்ச வந்தனீங்களா அண்ணை?" இருவர் வீட்டிலும் ஒரே பேச்சு; அவரிடம் அருந்ததிக்கு அது தானாக வந்துவிடும்.

"இல்லை பிள்ளை."

"அப்ப படத்தை எப்ப பார்த்தனீங்கள்?"

"நான் பார்க்கேல்லை. இந்தப் படத்தைப் பார்க்கமாட்டன் எண்டு கூட்டத்திலேயே சொன்னனான். நேரமெல்லாம் விநியோகக்காரர் அனுப்பின தாளிலே கிடக்கு. அதைப் பார்த்துத்தான் எழுதினனான்."

அட்டையில் கிளிப் போட்டுச் செருகியிருந்தது அந்தத் துண்டு. ஓரக்கோடு போட்டு, அலுவலகக் கையெழுத்தில், வரிக்கு ஒரு நேரம்.

0.31 முதல் 0.33
0.52 முதல் 0.53
1.07 முதல் 1.09
1.38 முதல் 1.42

கீழே கையொப்பமும் தேதியும். மனிதர் ஓய்வு பெற்றாலும் குமாஸ்தா ஓய்வு பெறவில்லை. அருந்ததி துண்டைத் திருப்பிச் செருகினாள்.

2.20.

கிருஷாந்த் அரைநாள் வேலை முடித்து ஜுருவிலிருந்து நேரே வந்திருந்தான்.

"வியாழன் எத்தன மணிக்கு வச்ச?"

"ஏழரை ஆன்ட்டி. பூட்டி, சாவிய டின்னுல போட்டேன்."

"நேத்து?"

"காலையிலேருந்து ஏழு மணி வரைக்கும் வேல. பஞ்ச் கார்டு இருக்கு."

"வேற காப்பி வச்சிருக்கியா?"

"இல்ல. வசன ஃபைல் மட்டும்தான் லேப்டாப்ல இருக்கு. மொழிபெயர்க்கக் குடுத்த லிங்க போன வாரமே மூடிட்டாங்க." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "மொத்தமே மூணு சீன் ஆன்ட்டி. அஞ்சு நிமிஷம். அதுக்குப் போயி எல்லாரும் இத அசிங்கப் படம்ங்கறாங்க. இன்னிக்குப் படம் போடாம விட்டுருவாங்களா?"

கதவருகில் நின்ற தேனப்பன் குறுக்கிட்டார். "போலீஸ் வந்தா தெரிஞ்சிரும். மொதல்ல ஒன் போனையும் லேப்டாப்பையும்தான் எடுப்பாங்க."

கிருஷாந்தின் கை கால்சட்டைப் பைக்குப் போனது. அவர் நகர்ந்ததும் தணிந்த குரலில் சொன்னான். "லேப்டாப்ப குடுத்துர்றேன் ஆன்ட்டி. போன் மட்டும் வேணாம்."

அதில் என்ன இருக்கிறது என்று அருந்ததி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. இரண்டு ஆண்களின் உறவு இந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம். அந்தப் போன் ஒரு போலீஸ்காரர் கைக்குப் போனால் இவனோடு முடியாது; இன்னொரு பையனின் பெயரும் வெளியே வரும். இருவரின் வேலையும் வீடும் அதோடு போகும். ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை.

3.15.

மேசையில் விநியோகஸ்தரின் தாள் கிடந்தது. அருந்ததி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பார்வையாளர் கவனத்துக்கு என்ற தலைப்பின் கீழ், பாலுறவுக் காட்சிகள்: மூன்று. நேரங்கள் குறிக்கப்பட்டிருந்தன. புரொஜெக்டர் அறைக்குப் போய் அட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். மூன்று வரிகள் அப்படியே பொருந்தின.

துண்டில் இருந்தது நான்கு.

"கிருஷாந்த், ஒன் வசன ஃபைல தொற. ஒண்ணு முப்பத்தெட்டுல என்ன வருது?"

அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். 1.38.04இல் ஒரு வரி: 'இவ்வளவுதான் அப்பா, சொல்லிவிட்டேன்.' அதற்கு அடுத்த வரி 1.42.10இல்தான் இருந்தது. நடுவில் ஒரு சொல்கூட இல்லை.

"இந்த நாலு நிமிஷம் என்ன நடக்குது?"

"ஒண்ணுமே நடக்காது ஆன்ட்டி." அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. "அப்பா சாப்பிட்டு முடிப்பாரு. மகன் மொகத்தப் பாக்கமாட்டாரு. தன்னோட தட்ட மட்டும் கழுவி வச்சிட்டு, அவன் தட்ட மேசையிலயே விட்டுட்டு, லைட்ட அணைச்சிட்டுப் போயிருவாரு. அவ்ளோதான்."

3.40.

அருந்ததி புரொஜெக்டர் அறைக் கதவைச் சாத்தினாள். அட்டையை விநாசித்தம்பியின் மடியில் வைத்தாள்.

"டிஸ்கை எடுத்தது நீங்கள் அண்ணை."

அவர் நிமிரவில்லை.

"தாளைப் பார்த்து எழுதின ஆள் மூண்டு வரிதான் எழுதலாம். நாலாவது வரி எங்கேயிருந்து வந்தது? அதிலே கட்டிலும் இல்லை, உடுப்புக் கழட்டுற ஆக்களும் இல்லை. ஒரு தகப்பன் தட்டுக் கழுவுறார். அதை மறைக்கவேணும் எண்டு படம் பார்க்காத ஆளுக்குத் தெரியாது. இந்தக் குழுவிலே படம் பார்த்தவன் கிருஷாந்த் ஒருத்தன்தான், அவன் இந்தத் துண்டை எழுதேல்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் இஞ்ச வந்து முழுக்கப் பார்த்திருக்கிறியள். பிறகு ஏன் பார்க்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

அவர் கிளிப்பிலிருந்து துண்டை உருவினார்.

"அவன் சொன்ன அண்டைக்கு நானும் அப்பிடித்தான் எழும்பிப் போனனான்," என்றார் விநாசித்தம்பி. "என்ர தட்டை மட்டும் கழுவிப்போட்டு. லைட்டையும் அணைச்சுப்போட்டு. அந்தப் படம் எடுத்த வெள்ளைக்காரனை யார் எங்கட வீட்டுக்குள்ளே கூட்டிக்கொண்டு வந்தது எண்டு இருந்தது பிள்ளை."

"அப்ப அட்டையாலே மறைச்சிருக்கலாமே. அதுக்குத்தானே எழுதினனீங்கள்?"

"எழுதினாப் பிறகுதான் யோசிச்சன். நாலு நிமிஷம் சனம் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவனும் இருப்பான். நான் எதை மறைக்கிறன் எண்டு அவன் ஒருத்தனுக்கு விளங்கும்." துண்டை இரண்டாக மடித்தார். "படமே இல்லாட்டி ஒண்டும் இல்லை எண்டு எடுத்தன். கடலிலே போடத்தான் ஃபெரியிலே ஏறினனான். அக்கரையிலே பட்டர்வொர்த்துக்குப் போய், இறங்கி, அடுத்த ஃபெரியிலே திரும்பி வந்தன்."

"ஏன் போடேல்லை?"

"மூண்டு மாசம் பெடியன் இருந்து எழுதினது. விடியவிடிய அவன்ர அறையிலே லைட் எரியும். எனக்குத் தெரியும்தானே."

காலடியில் இருந்த பையைத் திறந்தார். குடைக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி, டிஸ்க் பத்திரமாக இருந்தது.

அருந்ததிக்கு அழுகை வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. "அவனைப் போலீசிலே குடுக்கப்போகினம். நீங்கள் பக்கத்து அறையிலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். வாய் திறக்கேல்லை."

"அஞ்சு மணிக்கு முதல் சொல்லுவம் எண்டுதான்..."

"எட்டு மாசமும் இப்பிடித்தானே அண்ணை, நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனீங்கள்?"

அருந்ததி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

4.05.

"அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு," என்று டிஸ்க்கைத் தேனப்பனிடம் நீட்டினாள்.

"பின்னாலயா? நானே நகத்திப் பாத்தேனே."

"சரியா பாக்கல நீங்க."

தேனப்பன் டிஸ்க்கைப் பார்த்தார். மூடியிருந்த புரொஜெக்டர் அறைக் கதவைப் பார்த்தார். அவரும் நாலு பிள்ளை பெற்றவர். "கண்ணாடிய மாத்தணும் போல," என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை வரிசைப்படுத்தப் போனார். முப்பத்தொரு வருஷம் பிறர் பொய்யைப் பிடித்தவள் சொன்ன முதல் பொய் இவ்வளவு சுலபமாகப் பலித்துவிட்டது.

7.38.

கூடம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. கறிபஃப் தீர்ந்திருந்தது. அதுவரை மூன்று முறை அட்டை எழும்பி இறங்கிவிட்டது. அருந்ததி கடைசி வரிசையில் கிருஷாந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் மகன் சொல்லி முடித்தான். தமிழ் எழுத்து மறைந்தது.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். புரொஜெக்டர் பக்கத்தில் விநாசித்தம்பி நின்றுகொண்டிருந்தார். அட்டை அவர் கையில் தொங்கியது. அது எழவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேனப்பன் கேட்டார், மீனாள் கேட்டாள், கீழே துணிக்கடைக்காரர்கூடக் கேட்டார். இவன் கேட்கவில்லை.

"ஏன்டா," என்று கிசுகிசுத்தாள், "யாரு எடுத்திருப்பாங்கன்னு மத்தியானத்திலேருந்து நீ ஒரு தடவகூடக் கேக்கலயே."

கிருஷாந்த் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே ஒரு மனிதர் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சத எதுக்குக் கேக்கறது ஆன்ட்டி?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டு கைகழுவப் போயிட்டு வந்து பாக்கறேன், மேசையில என் தட்டக் காணோம். எட்டு மாசத்துல மொத தடவ. அவரு தட்டோட சேத்து கழுவி கவுத்து வச்சிருந்தாரு. படத்தப் பாத்துட்டாருன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. இன்னிக்கு டிஸ்க்கக் காணோம்னதும் மிச்சமும் தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே, போலீஸ்ல ஒன் போன் போயிருக்குமேடா."

"போயிருக்கும்," என்றான்.

திரையில் விளக்கு அணைந்தது. கூடம் முழுக்க இருட்டு. புரொஜெக்டர் பக்கமிருந்து யாரோ மெல்ல நடந்து வந்து, கிருஷாந்துக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.