கோடாலி உயரம்

பாம்பூஃப்ளாட்டில் அன்வரின் பழைய இரும்புக் கடையை ஊரே கபாடிக் கடை என்றுதான் சொல்லும். உடைந்த ஃபேன், ஓட்டை அண்டா, துருப்பிடித்த நங்கூரம் எல்லாம் எடைக்கு வந்து எடைக்கே போகும். கோடாலி மட்டும் போகாது. அதை அன்வர் தனியே எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஜஸ்னாவோடு சேர்ந்து அதைப் புதுசாக்கி விற்பார்.

துரு எடுப்பது ஜஸ்னாவின் வேலை. வினிகரில் ஊறப்போட வேண்டும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மறுபடி ஊறப்போட வேண்டும். மூக்கு எரியும். நகத்தடியில் ஏறிய கறுப்பு திங்கட்கிழமை பள்ளிக்கும் கூடவே வரும்.

பழைய காம்பை அறுத்து எறிந்துவிட்டுப் புதுசு போடுவார்கள். பழசு அடுப்புக்கு. அந்தக் கடையில் டீ கொதிப்பதே கோடாலிக் காம்பில்தான்.

அன்றைக்கு வாப்பா காலை ஃபெர்ரியில் அபர்டீன் பஜாருக்குப் போயிருந்தார். ஜஸ்னா ஒரு பெரிய கோடாலித் தலையைத் தனியாகவே தேய்த்து முடித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் தெரிந்தது. பல்லில் ஒட்டியிருந்த கறிவேப்பிலைகூடத் தெரிந்தது.

"பாப்பா, எங்கப்பா கோடாலி இங்க வந்துச்சா?"

வாசலில் ஓர் அக்கா. கையில் மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பிடித்திருந்தார். விஜயலட்சுமி என்று பெயர் சொன்னார்.

"என் தம்பி வீட்டைக் காலி பண்றேன்னு கண்டதையும் கபாடில போட்டுட்டான், எருமை! முனை கொஞ்சம் உடைஞ்சிருக்கும்."

ஜஸ்னா பெருமையாகக் கோடாலித் தலையை நீட்டினாள். "இதுதானே அக்கா? எப்படி மின்னுது பாருங்க!"

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதேதான். காம்பு எங்க?"

ஜஸ்னா அடுப்பைப் பார்த்தாள். டீ தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இடுக்கியால் கிளறினாள். கைக்கு வந்தது ஒரு சாண் கரிக்கட்டை.

உளுத்துப் போயிருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான்தான் எரிச்சிட்டேன் அக்கா."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா பேரு ஒச்சப்பன், காட்டுல மரம் வெட்டினவர்" என்றார். "மாசத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் வாசல்ல கோடாலியைத் தலைகீழா நிறுத்தி, பக்கத்துல பிள்ளையை நிறுத்துவார். பிள்ளை தலை காம்பு நுனியைத் தொட்டா பால்வாடி. தொடலைன்னா இன்னும் ஒரு மாசம் அம்மா முந்தானை. நாங்க மூணு பேரும் அப்படிப் போனவங்கதான். நாளைக்கு இந்த அஸ்வின் போறான். தாத்தா இல்ல. கோடாலியாவது இருக்கட்டும்னு பார்த்தேன்."

"நான் போ மாட்டேன்" என்றான் அஸ்வின்.

"வேற காம்பு போட்டுத் தர்றேன் அக்கா."

"போடலாம் பாப்பா. அந்த உசரம் வருமா?"

ஜஸ்னா தரையில் உட்கார்ந்து கரிக்கட்டையைப் பார்த்தாள். மரம் வெட்டுகிறவர் தன் கைக்கும் முதுகுக்கும் ஏற்றபடிதான் காம்பு செதுக்குவார். ஒருவர் காம்பு போல் இன்னொருவர் காம்பு இருக்காது. அவள் எத்தனை காம்புகளை அறுத்திருக்கிறாள்! ஒன்றைக்கூட அளந்து பார்த்ததில்லை.

"அக்கா, அப்பா வந்ததும் கோடாலியை யார் வாங்கி வைப்பாங்க?"

"நான்தான். பெரிய பொண்ணான பிறகும் நான்தான். அவர் கால் கழுவிட்டு வர்ற வரைக்கும், சாயாம மேல கை வச்சுப் பிடிச்சுக்குவேன்."

ஜஸ்னா துள்ளி எழுந்தாள். நீளமான படாக் மரக் கட்டை ஒன்றைக் கோடாலித் தலையில் சொருகி, தலைகீழாக நிறுத்திப் பிடித்தாள்.

"செருப்பைக் கழட்டுங்க. கண்ணை மூடுங்க. அப்பா வந்துட்டார், கால் கழுவுறார்."

"அரே, பைத்தியக்காரப் பொண்ணே!" என்று சிரித்தாலும் கழற்றினார். கண்ணை மூடினார்.

கை காற்றில் இறங்கியது. கட்டையின் பக்கத்தில் மேலும் கீழும் தடவியது. சிரிப்பு போய்விட்டது.

"அப்பா, கணுக்கால்ல அட்டை ஒட்டியிருக்கு பாருங்க" என்றார் மெதுவாக. "உப்பு எடுத்துட்டு வரவா?"

அதைச் சொல்லும்போதே கை ஓரிடத்தில் நின்றது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, விரல்கள் மடங்கி, எதன் மேலோ படிந்திருப்பது போல.

ஜஸ்னா மூச்சுவிடாமல் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

பிறகு ரம்பம், அரம், ஆப்பு. வியர்வை கண்ணில் இறங்கியது. அக்காவும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். டீ சுண்டிப் பாகாகிவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை.

கோடாலி வாசலில் தலைகீழாக நின்றது. விஜயலட்சுமி காம்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். எடுக்கவே மனமில்லாமல் வைத்திருந்தார்.

"இதுதான்" என்றார். "வாடா அஸ்வின்."

அஸ்வின் வந்து நின்றான். தலை நுனியைத் தொடவில்லை. இரண்டு விரல் குறைந்தது.

"ஒரு மாசம் கழிச்சுத்தான் போல" என்றாள் ஜஸ்னா. பாவமாக இருந்தது.

அஸ்வினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜஸ்னா குனிந்து பார்த்தாள். பயல் முட்டியை மடக்கிக்கொண்டு நின்றான்!

"அக்கா, கீழே பாருங்க!"

"அடப்பாவி! நான் பண்ண அதே வேலை!" விஜயலட்சுமி அவன் முழங்காலுக்குப் பின்னால் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். "எங்கப்பாவும் இங்கதான் சுண்டுவார்."

முட்டி நேரானது. தலை காம்பைத் தொட்டது.

"பால்வாடி!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அஸ்வின் மட்டும் அந்தக் கோடாலியை ஒரு முறை முறைத்தான்.